டீச்சர் தோற்ற தேர்தல்

பாடக் குறிப்பை அழகாக எழுதிவிட்டால் பாடமும் அப்படியே நடக்கும் என்று நம்புகிறவர்களிடம் ஒரு ஐந்தாம் வகுப்பை ஒப்படைத்துப் பார்க்க வேண்டும். நான் நம்பினேன்.

இருபது வருஷத்துக்கு முந்திய கதை, அறுபதுகளின் கடைசி. காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் புது வேலை. (பயிற்சிப் பள்ளியில் படித்ததெல்லாம் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்த பருவம்.) அன்று ஆய்வாளர் வருகிறார், அவர் நல்லபடி எழுதினால்தான் வேலை நிரந்தரம். பாடம், பஞ்சாயத்துத் தேர்தல். பிள்ளைகள் செய்து கற்க வேண்டும் அல்லவா? இரண்டு பானையும் புளியங்கொட்டையும் வைத்து, அவர் வருவதற்குள் நிஜமாகவே வாக்குப்பதிவு நடத்தினேன். மெய்யம்மை தலைவி ஆனாள்.

"பெரும்பான்மைத் தீர்மானத்துக்கு எல்லாரும் கட்டுப்படணும்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "டீச்சர்கூட!" என்று சேர்த்தேன்.

தலைவி உடனே எழுந்தாள். "இன்னைக்கு அரியக்குடியில தேரு. எல்லாரும் போவோம். ஓட்டுப் போடுங்க!"

எதிர்ப்புப் பானையில் விழுந்தது ஒரே கொட்டை. என்னுடையது.

"அடியே, ஆய்வாளர் வர்றாரு!"

"நீங்கதான டீச்சர் கட்டுப்படணும்னு சொன்னீக?"

வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். பானையும் கையுமாகப் பின்னால் ஓடினேன். வாசலில் ஆய்வாளர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"எங்குட்டுப் போறீக?"

"தேருக்கு சார்" என்றாள் மெய்யம்மை.

"யாரு போகச் சொன்னது?"

"நாங்கதான் சார். ஓட்டுப் போட்டோம்."

"டீச்சர்?"

"அவுக தோத்துட்டாக சார்."

பானையை முந்தானையால் மறைத்தேன். (ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

பாடக் குறிப்பின் கடைசி வரி, 'மாணவர் கருத்தைக் கேட்டறிதல்.' அதை அவர் வாசலிலேயே முடித்துவிட்டார். "பாடம் எப்படிடா இருந்துச்சு?" என்று முன்னால் நின்றவனைக் கேட்டார்.

"நல்லா இருந்துச்சு சார். டீச்சருக்குத்தான் புரியல."

மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அனுபவசாலி, எதையும் ஓட்டுக்கு விடவில்லை. சாயங்காலம் தேர் பார்க்கலாம் என்று பேசி உள்ளே அனுப்பினார். 'பாடம் மாணவரைச் சென்றடைந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வேலை நிரந்தரமானது.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் பிசகு. அவர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். இட்லியா தோசையா என்பதற்குக்கூட எங்கள் வீட்டில் கை தூக்குவார்கள்.

போன வாரம் மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போவதாகச் சொன்னாள். ரயில், மழை, காய்ச்சல் என்று நான் அடுக்கி முடிப்பதற்குள் மூன்று கைகள் உயர்ந்துவிட்டன.

"அம்மா தோத்துட்டாக" என்றான் மகன்.

கட்டுப்பட்டுத்தானே ஆக வேண்டும்? ஊறுகாய் பாட்டிலைத் துண்டில் சுற்றி அவள் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி மூடிக்கொள்ள மறுக்கிறது. அது ஒன்றுதான் இந்த வீட்டில் என் பக்கம்.