பின்னால் வீடு, முன்னால் இரண்டே சீட்டு

கேம்ப்பர் வாங்கியே தீருவது என்று ஃபிரிட்ஜ் மெக்கானிக் சபதம் எடுத்தது, தன் நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலத்தில்.

நாற்காலி அவருடையது. சன்னலோரம் காற்று வருகிற இடமாகப் பார்த்துப் போட்ட மடக்கு நாற்காலி. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மாமியார் அதில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். அந்த ஒரு வாரம் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலியோடு போனதா? டிவி ரிமோட் போயிற்று. கட்டின மனைவியிடம் தனியாக நாலு வார்த்தை பேசுவதும் போயிற்று. சமையலறையைப் பார்த்து இவர் ஒரு கேள்வி கேட்டால், பதில் நாற்காலியிலிருந்து வருகிறது! இது எந்த ஊர் நியாயம்? ஊரார் வீட்டையெல்லாம் குளிர வைக்கிற மனுஷன் தன் வீட்டில் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

போதாததற்குப் போன மாதம் மாமியாருக்குக் கடல் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "மாப்பிள்ளை, உங்க பிக்கப்லயே போயிட்டு வந்துடலாமே" என்றார். மாமியாரோடு தோளோடு தோள் உரச, நாள் முழுக்கப் பயணமா? மெக்கானிக் சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நெடுந்தூரம் வண்டியில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக அடித்துவிட்டார். டாக்டரிடம் அவர் போனது உண்மை. டாக்டர் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கப் போனார். சொன்ன மறுநாளே அந்த இடுப்பு வலி அவருக்கு மறந்தே போயிற்று.

கேம்ப்பர் என்பது பிக்கப் வண்டியின் முதுகில் தூக்கி வைக்கிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, டாய்லெட் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பழைய வண்டி விற்கிற கடையில், இவருடைய பிக்கப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒன்று நின்றிருந்தது. அதற்கு நன்மைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனால் அவர் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த நன்மை ஒன்றே ஒன்றுதான். பின்னால் வீடே இருந்தாலும், முன்னால் இரண்டே சீட்டு!

மனைவி டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் பிரேக் போட்டுப் பழகிய கால் அவளுடையது. சமையலறை வாசலில் அவளை மடக்கி விஷயத்தைச் சொன்னார்.

"காத்தடிச்சா வண்டி ஆடும்ங்க" என்று ஆரம்பித்தாள்.

"நிதானமா போனா ஆடாது."

"டீசல் குடிக்கும்."

"லாட்ஜ்காரன் குடிக்கிறதை விடக் கம்மிதான்."

"தாழ்வான பாலம் வந்தா தலை இடிக்குமே?"

"சுத்திப் போவோம். நமக்கென்ன ரயிலா தப்பிடும்?"

"ஏறுற படி உயரமா இருக்கு. மூட்டு வலிச்சா?"

"இன்னொரு படி நானே வெல்டிங் வெச்சுத் தரேன். கைப்பிடியும் வைக்கிறேன். ஆமா, உனக்கு எப்ப மூட்டு வலி வந்துச்சு?"

"வராதா பின்னே? வயசு ஏறுதா, இறங்குதா?"

"அதுவும் சரிதான்."

"கட்டில் டிரைவர் தலைக்கு மேல இருக்கு. அடிக்கடி எழுந்துக்கறவங்க எப்படி ஏறி இறங்குவாங்க?"

"சாப்பாட்டு மேஜையை இறக்கினா கீழேயே ஒரு படுக்கை. கைக்கெட்டுற தூரத்துல டாய்லெட்."

"சக்கரை ஊசியெல்லாம் கூலிங்ல வைக்கணுமே?"

இந்த இடத்தில் எந்தக் கணவனும் உஷாராகியிருப்பான். ஆனால் மெக்கானிக்குக் காதில் விழுந்தது 'கூலிங்' மட்டுமே.

"யாரைப் பார்த்துக் கூலிங்னு கேக்கற? வெயில் கொளுத்தினாலும் ஐஸ் உருகாது! என் கையால ஃபிரிட்ஜ் வெச்சுத் தரேன்."

"வெளியில காத்தாட உட்காரணும்னா?"

"அதான் என் மடக்கு நாற்காலி இருக்கே."

"வீட்டை யார் பார்த்துக்கறது? அம்மாவோட பூனைக்கு யார் பால் ஊத்தறது?"

இதற்காகத்தானே அவர் காத்திருந்தார். குரலில் வருத்தத்தைக் குழைத்துக்கொண்டார். "ஒருத்தர் வீட்டுல இருந்துதான் ஆகணும். என்ன பண்றது? முன்னால ரெண்டே சீட்டு."

"அந்த ஒருத்தர் பின்னால கேம்ப்பர்ல உட்கார்ந்து வரலாமே?"

"ஐயையோ! ஓடுற வண்டியிலயா? உயிருக்கு ஆபத்து. டிரைவிங் ஸ்கூல்ல பாடம் எடுக்கறவ கேக்கற கேள்வியா இது?"

"கேக்கக்கூடாதுதான்" என்றாள் மனைவி ரொம்ப அடக்கமாக. "சரி, வாங்குங்க."

கேம்ப்பர் வந்தது. படி வைத்தார், கைப்பிடி வைத்தார், ஃபிரிட்ஜ் பொருத்தினார். கிளம்புகிற காலையில் புதுச்சட்டை போட்டு, விசிலடித்துக்கொண்டே பையோடு வாசலுக்கு வந்தார்.

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் மனைவி. பக்கத்து சீட்டில் பெல்ட் மாட்டி, மடியில் கைப்பையோடு மாமியார்.

"அத்தை, கொஞ்சம் இறங்கினீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம்."

"நாங்கதான் கிளம்பறோம், மாப்பிள்ளை. கடல் பார்க்க!"

மெக்கானிக் மனைவியின் சன்னலுக்கு ஓடினார். "என்னடி அநியாயம் இது? அப்ப நான்?"

"உங்களுக்குத்தான் இடுப்பு வலியாச்சே. நெடுந்தூரம் உட்காரக்கூடாதே."

"அது..." என்று ஆரம்பித்தவர் ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்தார்.

அவள் தலையை வெளியே நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "வலி பொய்யின்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, இப்பவே இறக்கி விட்டுடறேன். அந்த டாக்டர் சம்சாரம் என்கிட்டதான் வண்டி கத்துக்கறாங்க. தெரியாதா?"

"என்ன மாப்பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு? வலிக்குதா?" என்று மாமியார் உள்ளிருந்து கேட்டார்.

கை தானாக இடுப்புக்குப் போயிற்று. "லேசா, அத்தை."

வண்டி தெருமுனை திரும்பியது. மெக்கானிக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. படி யார் வைத்த படி? குளிர் யார் கொடுத்த குளிர்? மனைவியோடு தனியாகப் போக அவர் கட்டிய வீட்டில் மாமியார் குடியேறிப் போகிறார், டாட்டா வேறு காட்டிக்கொண்டு!

போகட்டும். ரிமோட் இனி நம் கையில். நாற்காலியாவது திரும்பக் கிடைத்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

சன்னலோரம் நாற்காலிக் கால்களின் தடம் மட்டும் தரையில் இருந்தது. நடுவில், பாலுக்காகப் பூனை உட்கார்ந்திருந்தது.