சரித்திரமாகிப்போன காப்பி கிளப்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். சரித்திரம் என்றால் ராஜா வேண்டும் என்று நினைத்திருந்தேன். காப்பி கிளப்பே போதும் என்று பிறகுதான் தெரிந்தது.

சுருளிப்பட்டி ரோட்டில் என் கிளப். கம்பம் கடைத்தெருக் கிளப்புகளில் எங்கள் சனத்தை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நிறுத்திச் சிரட்டையில் காப்பி ஊற்றுவார்கள். அதனால் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர்கள் ராத்தங்குவார்கள். பொன்னுராஜ் ஆர்மோனியம் வாசிப்பார், ஆட்டமும் உண்டு. யார் வந்தாலும் பெஞ்சு, யார் வந்தாலும் கிளாஸ்.

எந்தக் கிளப்பிலும் யாரும் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. அதன் பின்னாலேயே புராதனப் பாதுகாப்பு அதிகாரி சண்முகராஜ் வந்தார்.

"இனி இம்மாதிரி கிளப் தேவையில்லை. ஆகவே இது சரித்திரம். உள்ளே யாரும் உட்காரக் கூடாது."

"உக்காரத்தானய்யா வாராக! என் பொழப்பே இதுதானே?"

"உட்கார்ந்தால் பெஞ்சு தேயும். சரித்திரம் கெடும். சரி, சிரட்டை எங்கே?"

"இங்கன அது கிடையாதுங்கய்யா. அது வேணாம்னுதான் இந்தக் கிளப்பே."

"சிரட்டை இல்லாமல் கொடுமையை எப்படி நிரூபிப்பது?"

கடைத்தெருக் கிளப் முதலாளி குருசாமி, தன் சிரட்டைகளைக் கொடுத்து உதவினார். சரித்திரத்துக்கு அவர் செய்த சேவைக்காக மாலை போட்டார்கள்.

என் கிளப்பைக் காட்சிசாலையாக்கித் திறந்த விழாவன்று அதிகாரிகள் என் பெஞ்சில் அமர்ந்தார்கள். உட்காருவதற்கு அல்ல, தேய்மானத்தைப் பரிசோதிக்க. கிளாஸெல்லாம் அவர்களுக்கே சரியாகிவிட்டது. எங்கள் சனத்துக்கு வாசலில் வைத்துச் சிரட்டையில் ஊற்றினார்கள்.

"சங்கிலியக்கா, இங்கனயும் நிப்பாட்டிட்டாகளே!" என்றார் பொன்னுராஜ்.

"சும்மா இருப்பா. காதுல விழுந்தா ஒன்னையும் பாதுகாத்துருவாக."

அவரை விட்டுவிட்டார்கள். ஆர்மோனியத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் பின்பக்கம் மாட்டுக்கொட்டகையில் அடுப்பை மூட்டினேன். மாடுகளோடு சனமும் கூடியது. காப்பி வாசனை பிடித்துச் சண்முகராஜும் வந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"அடடா! அபூர்வமான காப்பி. இதைக் கட்டாயம்..."

"ஐயா, அதை மட்டும் சொல்லாதீகய்யா!"

"பாதுகாக்க வேண்டும். நாளை மேலதிகாரியோடு வருகிறேன்."

மேலதிகாரி வந்தார், குடித்தார், துப்பினார். பாதுகாக்கத் தகுதியற்றது என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். ஒரு கை உப்பு அள்ளிப் போட்டிருந்தேன்.

இன்றுவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சனம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, உட்கார்ந்தே குடிக்கிறது. பொன்னுராஜ் மட்டும் தினமும் சர்க்கரை கேட்கிறார். பயமாக இருக்கிறது, கொடுப்பதில்லை.