நூல்வழி இயக்குநர்கள்

கலைத்துறை இயக்குநரை அவர் மனைவி, "நீங்க வெறும் பொம்மை" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் சொன்னதுதான். ஆனால் மறுநாளே அலுவலகத்தில் ஓர் ஆணை பிறந்தது: 'பொம்மை என்னும் சொல் சிலரது மனத்தைப் புண்படுத்துவதால், மேற்படி மரவுருவங்கள் இனி நூல்வழி இயங்குநர் என்றே மாண்புடன் அழைக்கப்படும்.'

தட்டச்சர் கைதவறி 'இயங்குநர்' என்பதை 'இயக்குநர்' என்று அடித்துவிட்டார். இயக்குநரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது.

இது தெரியாமல் பொம்மலாட்டக்காரர் மனைவியோடும் மரப்பெட்டியோடும் அனுமதி கேட்டு வந்தார். அன்று மாலை ஆட்டம். ஊரெல்லாம் சொல்லியாயிற்று. நடக்காமல் போனால் அப்புறம் எவன் கூப்பிடுவான்?

"பெட்டியில என்ன?" என்றார் தலைமை எழுத்தர்.

"பொம்மைங்க சார்."

"வாயை அலம்புங்க! இயக்குநர்களையா பெட்டியில அடைச்சுக் கொண்டு வந்தீங்க?"

உடனே ராஜா, ராணி, கோமாளி மூவருக்கும் சுழல்நாற்காலி வந்தது. தேநீர் ஆறிப்போனதற்காகக் கோமாளியிடம் பணியாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"சார், ஆட்டத்துக்கு அனுமதி..."

"இயக்குநர்கள் மேடையில ஆடுறதுக்கு விதியில இடமில்லையே! வேணும்னா இன்னொரு இயக்குநர் கையெழுத்துப் போடணும்."

"உங்க இயக்குநர் போடட்டுமே."

"அவர் எங்க போடுறது? போட்டிக்கு மூணு பேர் வந்துட்டாங்கன்னு அறையைச் சாத்திக்கிட்டார்."

பொம்மலாட்டக்காரரின் மனைவி கோமாளியின் கையில் பேனாவைச் செருகி நூலை இழுத்தார். காகிதத்தில் ஒரு கிறுக்கல் விழுந்தது.

தலைமை எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசல் இயக்குநர் கையெழுத்துதான். ஒண்ணுமே புரியல!" என்று முத்திரை குத்தினார்.

மாலையில் நான் ஆட்டம் பார்க்கப் போனபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் இயக்குநர். திரை விலகியதும் கோமாளி கையைத் தூக்கியது. தனக்கு மூத்த இயக்குநரோ என்னவோ என்று அவர் விருட்டென எழுந்தார். அவர் எழுந்ததால் தலைமை எழுத்தர் எழுந்தார். அவரைப் பார்த்து மண்டபமே எழுந்தது. கை இறங்கியது, எல்லோரும் உட்கார்ந்தார்கள். மறுபடி தூக்கியது, மறுபடி எழுந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், நின்றபடியே.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது:

"ஏங்க, இத்தனை வருஷமா நூலை வீணாக்கிட்டோமே!"