சம்பந்தியின் வயிறு

"சனிக்கிழமை யாரும் வெளியே போகக் கூடாது. முக்கியமான குடும்ப விஷயம் ஒண்ணு இருக்கு" என்று பெரியவர் சொன்னபோது, அதே சனிக்கிழமைக்கான இரண்டு ரயில் டிக்கெட்டுகள் மகனின் சட்டைப் பையில் இருந்தன.

"சரிப்பா" என்றான் மகன்.

என்ன விஷயம் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் பெரியவரிடம் காரணம் கேட்கும் வழக்கம் கிடையாது. பெரியவருக்கும் தனக்கு இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் கிடையாது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட, "இந்த வீட்டில் உப்பு தீர்ந்துடுச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

சமையலறையில் அவன் மனைவி காத்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொல்ல விடலை."

டிக்கெட்டுகள் கோட்டை ஊருக்கு. மதிலுக்கு உள்ளே பழைய அரண்மனை. மதிலுக்கு வெளியே ஒரு தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த ஊர். ஆனால் அடுப்பு எரிகிற வீட்டிலிருந்து வெளியூருக்குச் சாப்பிடப் போவது குடும்பத்துக்கு இழுக்கு என்று பெரியவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"இந்தத் தடவையும் போகலைன்னா, அடுத்த தடவை நான் தனியாத்தான் போவேன். நீங்க உங்க அப்பாகூட உட்கார்ந்து வீட்டில் உப்பு இருக்கான்னு பார்த்துக்குங்க" என்றாள் அவள்.

மகன் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய், சனிக்கிழமை வெளியூரில் கடைப் பயிற்சி இருப்பதாகச் சொன்னான்.

"உங்க முதலாளிகிட்ட நான் பேசறேன்" என்றார் பெரியவர். உடனே பேசியும் விட்டார்.

முதலாளி பாவம், ஒன்றும் அறியாதவர். "பயிற்சியா? அவர் லீவுல்ல கேட்டிருக்கார்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

பெரியவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் பொய் சொன்னதில்லை."

மகன் அவசரமாக இன்னொரு பொய் சொன்னான். "மாமாவுக்கு உடம்பு சரியில்லைப்பா. போய்ப் பார்த்துட்டு வரத்தான் லீவு. உங்களுக்குக் கவலை வேண்டாம்னு சொல்லலை."

"சம்பந்திக்கா? என்ன உடம்புக்கு?"

"வயிறு" என்றான். வாயில் வந்தது அதுதான்.

பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வயிறா? முட்டி வலி, முதுகு வலி அப்படி ஏதாவது இருக்கப் போகுது. நல்லா விசாரிச்சியா?"

"வயிறுதாம்பா."

"நாளைக்கு மத்தியானம் நானே பேசி விசாரிக்கறேன்" என்றவர், "போயும் போயும் வயிறா" என்று முனகியபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகனுக்குக் குழப்பமாக இருந்தது. சம்பந்தி மேல் அப்பாவுக்கு இத்தனை பாசம் என்று அவன் அறிந்ததில்லை.

மறுநாள் காலை கடையில், வாடிக்கையாளர் ஒருவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, மாமனாரைப் போனில் பிடித்தான்.

"மாமா, அப்பா உங்ககிட்ட பேசுவார். வயிறு சரியில்லைன்னு சொல்லிடுங்க."

"மாப்பிள்ளை, வேற எந்த வியாதி வேணும்னாலும் சொல்லுங்க, படுத்துக்கறேன். இந்த வாரம் வயிறு மட்டும் வேண்டாம்."

"ஏன் மாமா?"

"ஏன்னு சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதையும் சொல்ல மாட்டேன்னுதான் வாக்கு."

"உங்க பொண்ணுக்காக மாமா."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "சரி. வலிக்குது."

"சார், கடைசி வரியும் படிச்சாச்சு. இந்தக் கண்ணைத் திறக்கலாமா?" என்றார் வாடிக்கையாளர்.

அன்று சாயங்காலம் பெரியவர் மகனையும் மருமகளையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சம்பந்திகிட்ட பேசினேன். பேச்சே வரலை, முனகல்தான் வருது. சனிக்கிழமை மூணு பேரும் போய்ப் பார்க்கறோம். போகலைன்னா நம்ம குடும்பத்துக்கு என்ன மரியாதை? நம்ம விஷயம் கிடக்கட்டும். வண்டிக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு."

வண்டிக்கு எப்போது சொன்னார், எதற்குச் சொன்னார் என்று மகனுக்குப் புரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

"கோட்டை ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். எங்கப்பாவைப் படுக்க வச்சுட்டீங்க" என்றாள் மனைவி. அதன் பிறகு அவனோடு பேசவில்லை. மகன் டிக்கெட்டுகளை ரத்து செய்தான். அவள் மடித்து வைத்த துணிகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் எறிந்தாள். பெரியவரும் இரண்டு நாளாகத் தட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டியது மாமனார். முகம் பளபளவென்று மழித்திருந்தது. தோளில் ஒரு பை, காலில் புது ஷூ.

"அப்பா, உங்களைப் பார்க்கத்தான் நாங்க கிளம்பிட்டிருக்கோம்" என்றாள் மகள்.

"எதுக்கும்மா சிரமம்? குணமாயிடுச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." சொன்னது மகளிடம், பார்த்தது பெரியவரை.

"முழுசாவா?" என்று கேட்டார் பெரியவர்.

"முழுசா, சம்பந்தி."

"பசிக்குதா?"

"நேத்திலேருந்தே பசிக்குது."

பெரியவரின் முகம் அந்த வாரத்தில் முதல்முறையாக மலர்ந்தது. மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஊரார் பார்வையைச் சோதித்து அனுப்புகிறவனுக்குத் தன் கண்ணெதிரே நடப்பது ஒன்றும் விளங்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, கோட்டை ஊருக்கு நாலு பேர், சாப்பாட்டுத் தெருவுல முதல் கடை திறக்கும்போதே போய் நிக்கணும்னு தினமும் போன் பண்ணினது நீங்கதானே, இன்னும் கிளம்பலையா?"