பாமன்கடையில் ஒரு பிஸ்கட் டின்

மெஷின் கத்திவிட்டது. சிவபாதசுந்தரம் குனிவதற்குள் பின்னாலிருந்து ஒரு சப்பாத்துக் கால் வந்து, கத்தின இடத்தை மிதித்துக்கொண்டு நின்றது.

"மொக்கத மே?"

இது என்ன என்று சிங்களத்தில் கேட்டவர் ஒரு பொலிஸ் சார்ஜன்ட். பக்கத்தில் துவக்கோடு ஒரு கான்ஸ்டபிள். தொண்ணூற்றேழாம் ஆண்டில், வெள்ளவத்தைக் கடற்கரையில், ஐம்பத்தெட்டு வயதுத் தமிழர் ஒருவர் காதில் ஹெட்போனும் கையில் நீண்ட தடியும், தடியின் நுனியில் வட்டத் தட்டுமாக மணலைத் தடவிக்கொண்டு போனால் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். சிவபாதசுந்தரம் இதை யோசிக்காமல் இல்லை. பொலிஸும் ஆமியும் குண்டு தேடுவது இப்படி ஒரு மெஷினால்தான். குண்டு தேடுகிறவனைப் பார்த்து யாராவது குண்டு வைக்கிறவன் என்று நினைப்பார்களா என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார்.

நினைப்பார்கள் என்று இப்போது தெரிந்தது.

கான்ஸ்டபிள் மணலைக் கிளறினார். சோடா மூடி ஒன்று வந்தது. காலையிலிருந்து அது பதினேழாவது.

மெஷின், முன்வீட்டு கிளெமென்ற் மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. கடற்கரையில் விழுந்து கிடக்கும் காசும் மோதிரமும் தேடுவது கிளெமென்றுக்குப் பொழுதுபோக்கு. சிவபாதசுந்தரத்துக்கு அந்தத் தெம்பெல்லாம் இல்லை. அவர் தேடவேண்டிய சாமான் பக்கத்துப் பகுதியான பாமன்கடையில் கிடந்தது. இங்கே கைபழகத்தான் வந்தார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், பாமன்கடை வாடகை வீட்டின் பின்வளவில், மனைவி அன்னபாக்கியத்தின் நகைகள் இருந்த பிஸ்கட் டின்னைப் புதைத்தவர் அவர். பதக்கம் சங்கிலி, அட்டியல், ஆறு காப்பு. பிறகு அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம். ஒரு வருஷம் கழித்து வந்து கிண்டியபோது டின்னைக் காணோம். முருங்கையிலிருந்து ஏழடி என்று மனதில் குறித்துவைத்திருந்தார், முருங்கையையே காணோம். பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. வருகிற ஆவணியில் மகள் அருந்ததிக்குக் கலியாணம். அந்தப் பதக்கம் இல்லாத கழுத்தோடு பிள்ளையை மணவறையில் இருத்தப்போகிறோமே என்று நினைக்கும்போதெல்லாம் மனிதருக்குச் சோறு இறங்காது.

அந்த நாளைப் பற்றி அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பெருமைதான். "வீட்டில ஒருத்தருக்கும் கை ஓடேல்லை, கால் ஓடேல்லை. நான் ஒருத்தன்தான் நிதானமா நிண்டு மண்வெட்டியைத் தூக்கினனான்" என்பார். முகாமில் சொன்னார், கப்பலில் சொன்னார், கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சொன்னார். அவர் சொல்லும்போதெல்லாம் அன்னபாக்கியம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவாள்.

நகை விஷயத்தில் அவள் ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. "போனது போகட்டும் விடுங்கோப்பா. பிள்ளைக்கு நகை நான் பாக்கிறன். நீங்கள் கலியாண ஹோலைப் பாருங்கோ" என்பாள். அந்தப் பெருந்தன்மைதான் அவரைக் கொன்றது.

சார்ஜன்ட் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் நகையும் போகும், நானும் போவேன் என்று சிவபாதசுந்தரம் நினைத்தார்.

"என்ர மனிசி கடல்ல குளிக்கேக்க தாலியைத் துலைச்சிட்டா சேர்."

"தாலி? அபராதே! பாவம்!" சார்ஜன்டின் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. "நான் திருகோணமலை மூணு வருசம் டியூட்டி. தாலி நல்லாத் தெரியும். வாங்க, உங்க நோனாகிட்ட ஸ்டேட்மென்ட் எழுதுவம்."

"அவவுக்கு மனசு சரியில்லை சேர். பிறகு..."

"மனசு எப்படிச் சரி? தாலி இல்லையே. வாங்க."

கதவைத் திறந்த அன்னபாக்கியத்தின் மார்பில் ஒன்பது பவுண் தாலிக்கொடி தகதகவென்று கிடந்தது.

சார்ஜன்ட் கொடியைப் பார்த்தார். சிவபாதசுந்தரத்தைப் பார்த்தார். மறுபடியும் கொடியைப் பார்த்தார்.

"கிடைச்சிட்டுது போல" என்றார் சிவபாதசுந்தரம்.

பொழுதுபடும்வரை பொலிஸ் ஸ்டேஷன் மர வாங்கில் இருந்தார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பென்ஷன் கடிதம், கிளெமென்ற் எழுதிக் கொடுத்த காகிதம் எல்லாம் மேசையில் பரப்பப்பட்டன. பொழுதுபோக்கு என்று நூறு தரம் சொன்னார். கடைசியில் சார்ஜன்ட் மெஷினை ஒருமுறை வாங்கித் தன் தொப்பியில் வைத்துப் பார்த்தார். தொப்பியின் சின்னத்துக்கு அது அழகாகக் கத்தியது. அவருக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

"எங்க மெஷின் கெட்டுப்போச்சு" என்றார். "உங்க கோயில் திருவிழா வருது. மஹத்தயா வாங்க, மெஷினோட. வாசல்ல செக் பண்ணுங்க. அப்ப நான் கேஸ் எழுத மாட்டன்."

இதைவிட மறியலில் கம்பி எண்ணிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று சிவபாதசுந்தரத்துக்கு முதல்நாளே தெரிந்துவிட்டது. திருவிழாவுக்கு வருகிற யாழ்ப்பாணத்துப் பெண்களில் நகை போடாமல் வருகிறவள் யார்? தட்டைக் கிட்டக் கொண்டுபோனால் ஒவ்வொருத்திக்கும் மெஷின் கத்தியது. கத்தாமல் ஒருத்தி வந்தால்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். தேங்காய்த் தட்டத்துக்குக் கத்தியது. குடைக்குக் கத்தியது. நாதஸ்வரக்காரரைப் பத்து நிமிஷம் மறித்து வைத்தது. வெயிலில் நின்று கால் வீங்கிவிட்டது.

"என்ன அண்ணை, இப்ப அவங்களோட வேலையோ?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். அடுத்தநாள் அவர் மரக்கறிக் கடைக்குள் நுழைந்ததும் கடையில் பேச்சு நின்றது. பேப்பர் இரவல் வாங்க வரும் பக்கத்து வீட்டுக்காரர் தாமே பேப்பர் வாங்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் தாய் சரோஜினிதேவி வந்தாள். கண்ணைக் காட்டி உள்ளே விட்டுவிடலாமென்றால் சார்ஜன்ட் பக்கத்திலேயே நிற்கிறார். சிவபாதசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு தட்டை நீட்டினார். மெஷின் அவளுடைய இடுப்புப் பக்கம் போய் நிற்காமல் கத்தியது. அலுமாரிச் சாவிகள் கோத்த திறப்புக்கோர்வை. ஊர் பார்க்க அவள் அதை அவிழ்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

"நல்ல சம்பந்தம்" என்றாள். அவ்வளவுதான். சுவாமி கும்பிடாமலே திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு மனிதர் உடைந்துபோனார். மகளுடைய கலியாணத்துக்கு நகை தேடப்போய்க் கலியாணமே கையைவிட்டுப் போகப் பார்க்கிறது. அவர் மெஷினைக் கோயில் மதிலில் சாத்திவைத்துவிட்டு, சார்ஜன்டின் கையைப் பிடித்துக்கொண்டு, டின் கதையை முழுவதுமாகச் சொன்னார். நிதானமாக நின்று புதைத்ததையும் விடவில்லை.

சார்ஜன்ட் கோபிப்பார் என்று நினைத்தார். அவரோ தொப்பியைக் கழற்றினார்.

"பதினாலு வருசமா? ஏன் முதல்லயே சொல்ல இல்ல? நானும் மகள் இருக்கு. நாளைக்குக் காலைல ஜீப் கொண்டு வாறன்."

"ஜீப் வேண்டாம் சேர். நான் பஸ்ஸில போய்..."

"பஸ்ல மெஷின் கொண்டு போனா இன்னொரு சார்ஜன்ட் பிடிக்கும்."

அது உண்மைதான். மறுநாள் காலையில் சிவபாதசுந்தரம் பொலிஸ் ஜீப்பில் ஏறுவதை ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் யன்னல் வழியாகப் பார்த்தது.

பாமன்கடை வீட்டை இப்போது ஹியூபேட் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகத்தர் வாங்கியிருந்தார். வாசலில் ஜீப்பையும் பின்வளவில் மண்வெட்டிகளையும் கண்டதும் அவர் தன் கத்தரிப் பாத்திக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். குசினி வாசலில் வெள்ளையம்மா நின்றாள். எண்பத்து மூன்றில் சிவபாதசுந்தரம் வீட்டில் சமைத்தவள் அவள்தான். பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். இவர்கள் யாழ்ப்பாணம் போனபிறகு கொழும்பில் வீடு வீடாக வேலை செய்து, கடைசியில் பழைய குசினிக்கே வந்து சேர்ந்திருந்தாள்.

"ஐயாவா! நல்லாருக்கீங்களா? அம்மா வரலீங்களா?"

"பிறகு கதைப்பம் வெள்ளை" என்றார் சிவபாதசுந்தரம். அவர் காதில் ஹெட்போன் ஏறிவிட்டது.

மெஷின் முதலில் ஒரு சைக்கிள் சங்கிலியைக் காட்டியது. பிறகு தண்ணீர்க் குழாயைக் காட்டியது. அதைக் கான்ஸ்டபிள் வெட்டிவிட்டார். கத்தரிப் பாத்தி குளமாயிற்று. ஹியூபேட் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இருந்தார். இதற்குள் தெருவில் யாரோ குண்டு என்று சொல்லிவிட, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணியடித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் பாதையை மறித்தார்கள்.

மதிலோரம், வாழைப்பற்றைக்குள், மெஷின் நீண்டு ஒரே குரலாகக் கத்தியது. முழங்கையளவு ஆழத்தில் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று மூலையைக் காட்டியது.

சிவபாதசுந்தரம் சேற்றில் முழந்தாளிட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பதினான்கு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இதோ கையளவு தூரத்தில் கிடக்கிறது.

அப்போதுதான் வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. அன்னபாக்கியம் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"திறக்காதேங்கோ! இஞ்சேருங்கோ, அதைத் திறக்காதேங்கோ!"

சார்ஜன்ட் பத்தடி பின்னால் போனார். கான்ஸ்டபிள் இருபதடி போனார்.

"குண்டு இல்லை சேர், நகை" என்றார் சிவபாதசுந்தரம். "பயப்பிடாதையும் அன்னம், எல்லாம் அப்படியே இருக்கும். நான் அண்டைக்கு நிதானமாத்தான் மண் போட்டு மூடினனான்."

"வீட்ட கொண்டுபோய்த் திறப்பம். ஆக்களுக்கு முன்னால வேண்டாம்."

"ஆக்கள் பாக்கட்டுமே!" என்றார். ஊருக்குமுன் தலை குனிந்து நின்றவர், ஊருக்குமுன் அதைத் திறக்கவேண்டாமா? மண்வெட்டி முனையால் மூடியை நெம்பினார்.

உள்ளே ஒரு பாக்குவெட்டி இருந்தது. தேங்காய் திருவலையின் அலகு இருந்தது. கைப்பிடி உடைந்த அகப்பை, படிக்கல் இரண்டு, ஒரு பழைய பூட்டு. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தார். டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். இரும்புக் கறள்தான் கொட்டியது.

குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"நோனாட நகை இதா?" என்று சார்ஜன்ட் பூட்டைத் தூக்கிப் பார்த்தார்.

சிவபாதசுந்தரத்துக்கு முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. "மாத்திப்போட்டாங்கள்! ஆரோ எடுத்துப்போட்டுப் பழைய இரும்பை வைச்சிருக்கிறாங்கள்!"

"யார்? டின் இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

சார்ஜன்ட் கொப்பியை எடுத்தார். சிவபாதசுந்தரம் குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார். மனம் கூசத்தான் செய்தது. அவள் கையால் எட்டு வருஷம் சாப்பிட்டவர். ஆனாலும் விரல் தன்பாட்டில் எழும்பியது.

"எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்."

"ஐயோ, அவளை விடுங்கோ!" அன்னபாக்கியம் கத்தினாள். "அவள் எடுக்கேல்லை. ஒருத்தரும் எடுக்கேல்லை. முறைப்பாடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். வாங்கோ வீட்ட போவம்."

"நீர் சும்மா இரும் அன்னம். உம்மட இந்த இரக்கத்தாலதான் எல்லாம் போனது."

கான்ஸ்டபிள் வெள்ளையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அவள் பயந்த மாதிரித் தெரியவில்லை. பிடித்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, அன்னபாக்கியத்தின் முகத்தைப் பார்த்தாள். அன்னபாக்கியம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு வெள்ளையம்மா, கொப்பியில் அவள் பெயரை எழுதத் தொடங்கிய சார்ஜன்டின் பேனாவைப் பார்த்தாள்.

"நகை எங்கயும் போகலீங்க. அன்னைக்கே அம்மா என் பாவாடை மடிப்புல வச்சுத் தச்சிட்டாங்க. அப்படியே கேம்புக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். இப்பவும் அம்மா அலுமாரியிலதான் இருக்கும், கேட்டுப் பாருங்க."

சிவபாதசுந்தரம் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார்ஜன்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நகை பாவாடையில. அப்ப ஏன் இந்தப் பாக்குவெட்டி புதைக்கிறது?"

வெள்ளையம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. அன்னைக்கு உங்களுக்கு நிக்கக்கூட முடியாம மேலெல்லாம் நடுங்குச்சு. 'அவரு கைக்கு ஏதாச்சும் ஒரு வேலை குடுக்கணும் வெள்ளை, இல்லாட்டி விழுந்துருவாரு'ன்னு சொல்லிட்டு, அம்மாதான் அகப்பட்டதையெல்லாம் டின்னுல போட்டு மூடி உங்ககிட்டக் குடுத்தாங்க."