பட்டாபி போட்ட தோட்டா

பட்டாபி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். துப்பாக்கி சுடும் போட்டியில் தோற்றுவிடுவது. சுட்டுத் தோற்பது இல்லை, சுடாமலே தோற்பது.

விஷயம் இதுதான். பட்டாபியின் டெபுடி செக்ரட்டரி கல்யாணராமன்தான் அந்தப் பிஸ்டல் கிளப்புக்கும் செக்ரட்டரி. செக்‌ஷனில் அவருடைய நல்ல பார்வை வேண்டியவர்கள் எல்லாம் கிளப்பில் சேர்ந்தார்கள். பட்டாபியும் சேர்ந்தார். சந்தா கட்டினார், சமோசா சாப்பிட்டார், கை தட்டினார். துப்பாக்கியை மட்டும் தொடவில்லை. சத்தம் என்றால் மனுஷருக்கு ஆகாது. தில்லி மோதி பாகில் பக்கத்து குவார்ட்டர்ஸ் சர்தார்ஜி வீட்டுக் கல்யாணத்தில் பட்டாசுக் கட்டு வெடித்தபோது, அன்றைக்கு இரண்டாம் தடவையாகக் குளிக்கப் போனவர் அவர்.

அப்படிப்பட்டவர் பெயர் போன வாரம் கிளப் போர்டில் ஏறிவிட்டது. வருடாந்தரப் போட்டிக்கான அணியில் எம். பட்டாபிராமன். கல்யாணராமன் தோளில் தட்டி, "என் மானம் உம்ம கையில இருக்குய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடியாது என்றால், பட்டாபி பயந்தாங்கொள்ளி என்று சாஸ்திரி பவனின் எல்லா மாடியிலும் சிரிப்பார்கள். ரிடையர் ஆகும்வரை சிரிப்பார்கள். சரி என்று போய் நின்றால், முதல் சத்தத்திலேயே கீழே விழுவார். அப்போதும் சிரிப்பார்கள். பாவம், தூக்கமே போய்விட்டது அவருக்கு.

அவரைக் காப்பாற்ற வந்தது கிளப் சட்டம். பலமில்லாத தோட்டா போட்டால் துப்பாக்கி கையை உதைக்காது, குறி சுலபமாக விழும். அது மற்றவர்களுக்கு அநியாயம். அதனால் போட்டிக்கு முன்னால் ஒவ்வொருவர் டப்பாவிலிருந்தும் சில தோட்டாவை எடுத்து, சங்கிலியில் தொங்கும் ஓர் இரும்புத் தகட்டைச் சுட்டுப் பார்ப்பார்கள். தகடு வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஆடினால் பாஸ். ஆடாவிட்டால் தோட்டாக்காரர் வீட்டுக்குப் போகலாம்.

தோட்டா போடுவதும் அவரவர் பொறுப்பு. கடைத் தோட்டா சமயத்தில் காலை வாரிவிடும் என்று, சுட்ட பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்து போட்டு, மேலே ஈயக்குண்டை வைத்து அழுத்தித் தாங்களே செய்துகொள்வார்கள். பட்டாபி கணக்குப் போட்டார். மருந்தைக் குறைத்துவிட்டால் தகடு ஆடாது. தோற்றது தோட்டாதான், பட்டாபி இல்லை. மானமும் தப்பும், காதும் தப்பும்.

தோட்டா செய்கிற கிளப் மெஷின் வீட்டுக்கு வந்தது. சேவை நாழி மாதிரி கைப்பிடி வைத்த சமாசாரம். சாப்பாட்டு மேஜையில் அதைப் பூட்டியபோது மனைவி விசாலாக்ஷி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, குழிப்பணியாரச் சட்டியைக் கூடத் தானே எடுத்துக் கொடுத்தாள், கூடுகளை நிறுத்தி வைக்கத் தோதாக இருக்குமென்று. ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தாலே அரை மணி பேசுகிறவள் சும்மா இருக்கிறாளே என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மருந்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். விசாலாக்ஷி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, எல்லாத்துலயும் அடியோட நிக்கறதே. இவ்வளவுதானா?"

"இதெல்லாம் கணக்கு, விசாலம். கூடப் போட்டா துப்பாக்கியே வெடிச்சுடும்."

"குறைச்சுப் போட்டா?"

"ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகப்படாதுன்னுதானே..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் "அச்சா" என்று மட்டும் சொன்னாள். பால் பூத்தில் க்யூ நீண்டுவிடும், ஜல்தி போய்விட்டு வந்துவிடுங்கோ, மெஷின் எங்கேயும் ஓடாது என்று பையைக் கையில் கொடுத்தாள். பட்டாபி சட்டியின்மேல் ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து குண்டுகளை அழுத்தினார். அழுத்தினார் என்றால், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்க மூடி, கையை மட்டும் நீட்டிக் கைப்பிடியை இழுத்தார். கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துக்ளகாபாத் பக்கத்து மைதானத்தில். ஏஷியாட் விளையாட்டு முடிந்த மறு வருஷம். நல்ல குளிர்கால வெயில். ஆபீசர்களின் மனைவிமார் புடவைக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இன்னொரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். விசாலாக்ஷியும் ஃபிளாஸ்க்கும் தயிர்சாதமுமாக வந்திருந்தாள். வழிநெடுக டி.டி.சி. பஸ்ஸில் பட்டாபி ஒரு சோக முகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். 'என்ன சார் பண்றது, தோட்டா கைவிட்டுடுத்தே' என்கிற முகம். அது நன்றாகவே வந்திருந்தது.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மாஜி ஹவில்தார் அழகர்சாமி, பட்டாபியின் டப்பாவிலிருந்து தோட்டாவை எடுத்துத் தகட்டைச் சுட்டார். பட்டாபி காதில் விரலை விட்டுக்கொண்டு சோக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

தகடு வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஆடியது. அடுத்ததற்கும் தாண்டியது. அதற்கடுத்ததற்கும் துளி வித்தியாசமில்லாமல் அதே இடம்வரை போய் வந்தது. இவ்வளவு ஒரே சீரான தோட்டாவை இந்தக் கிளப்பில் பார்த்ததில்லை என்றார் அழகர்சாமி. கல்யாணராமன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டாபி கையை உருவிக்கொண்டார். கேட் எந்தப் பக்கம் என்று பார்த்தார். கேட் ரொம்ப தூரத்தில் இருந்தது. வயிற்றுவலி என்று சொல்லலாமா, மயக்கம் என்று சொல்லலாமா என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே கல்யாணராமன் பேசினார்.

"நீர் உட்காரும்யா. உம்ம வேலை முடிஞ்சுது. சுடறதை உம்ம ஆத்துக்காரி பார்த்துப்பா."

அந்த வாக்கியம் பட்டாபியின் மண்டைக்குள் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சேர்ந்ததும் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அடடா, என்ன ஒரு நிம்மதி! ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டார். யார் சுட்டால் என்ன, எதற்குச் சுட்டால் என்ன, தான் சுடவேண்டியதில்லை. ஆனந்தத்தில், ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

விசாலாக்ஷி தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கொண்டைக்குமேல் காதடைப்பை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். அதற்குப் பிறகு நடந்தது எதையும் பட்டாபி பார்க்கவில்லை. கண், காது இரண்டையும் பொத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து கை தட்டுகிறார்கள் என்று நாற்காலி ஆடியதில் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் கோப்பை அவள் கையில் இருந்தது.

தயிர்சாதம் சாப்பிடும்போதுதான் மெதுவாகக் கேட்டார். அவளும் ஒளிக்காமல் சொன்னாள். வியாழக்கிழமை பாராயணத்துக்கு என்று கிளம்பினதெல்லாம் கல்யாணராமனின் மனைவி அனந்தலக்ஷ்மியோடு இங்கேதான். அழகர்சாமிதான் சொல்லிக் கொடுத்தாராம். மருந்து அளக்க அவர் கொடுத்த சின்னப் பித்தளைக் கரண்டி அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறதாம். பட்டாபி பால் வாங்கப் போன நேரத்தில், அவர் போட்டதை எல்லாம் கொட்டிவிட்டுத் தலை தட்டிப் புதிதாக அளந்து போட்டாளாம்.

"அதெல்லாம் சரி, என் பேரை எதுக்கு அணியில போட்டா?"

"அணியில பேர் இருக்கற ஆம்பிளைக்குத்தான் மெஷினை ஆத்துக்குக் கொடுப்பாளாம். சுடறது ஆத்துல யாரா இருந்தாலும் சரியாம். அதான் நானே உங்க பேரைக் கொடுத்தேன்."

பட்டாபிக்குக் கோபம் வரவில்லை. காது இரண்டும் பத்திரமாக இருந்தன, அது போதும். ஒரே ஒரு கவலைதான் பாக்கி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குக் கொஞ்சம் பயம்ங்கறது கல்யாணராமன் சாருக்குத் தெரியாதே?"

விசாலாக்ஷி அவர் தட்டில் இன்னொரு மாவடு வைத்தாள்.

"தெரியாம என்ன? பேரைப் போடறச்சேயே, 'பயந்துண்டு எங்கேயாவது ஓடிட்டார்னா?'ன்னு கேட்டார். ஓடறதுக்கும் அவருக்குப் பயம்தான் சார்னு சொன்னேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டார்."