மழைத்துளி யாரென்று சொல்லாதீர்கள்

கொட்டாஞ்சேனை,
ஐப்பசி 2007

மதிப்பிற்குரிய கிளறன்ஸ் அண்ணா அவர்களுக்கு,

ரொறன்ரோக் குளிரில் ஆண்டவர் உங்களையும் வீட்டாரையும் சுகமாக வைத்திருப்பாராக. இங்கு நாங்கள் சுகம். பிள்ளை நித்திரை, கரண்டும் இருக்கிறது. ஒன்றைத் தவிரக் குறையில்லை.

நீங்கள் இணையத்தில் நடத்தும் தாய்மார் மன்றத்தில் 'மழைத்துளி' என்று எழுதுவது நான்தான். எங்கள் தெருப் பாலர் பாடசாலையில் மேபல் ரீச்சர் மத்தியானத்தில் பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்துவிட்டு ரீவியில் மாமியார் மருமகள் நாடகம் பார்க்கிறா, பிள்ளைகளும் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்கள், அதனால்தான் என் மூன்று வயது மகன் றொஷான் சாப்பாட்டு மேசையில் தகப்பனிடம் "உங்கட அம்மாவோ நானோ, இண்டைக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று கேட்டான் என்று எழுதினேன். மாமியும் மேசையில் இருந்தவ. சோற்றை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. இப்போது ரீச்சரின் சட்டத்தரணி, மழைத்துளி யாரென்று உங்களைக் கேட்டிருக்கிறாராம். அண்ணா, பெயர் வெளிவந்தால் றொஷானின் இடம் போய்விடும். அடுத்த பாலர் பாடசாலைக்கு இரண்டு சோதனைச்சாவடி தாண்டவேணும், அவனோ ஆமிக்காரரைக் கண்டால் நாடக வசனம் பேசுவான்.

இவர், ஹியூபேட், சிரிக்கிறார். "இந்த ஊரில பொலிஸ், ஆமி எண்டு கேட்ட எல்லாருக்கும் பேர் விலாசம் குடுத்தாச்சு. மேபல் மட்டும் என்ன பாவம் செய்தவ?"

புதுக்கடைக் கோட்டடிக்குப் போய் நாகேந்திரம் சட்டத்தரணியைக் கேட்டேன். நீதிமன்றக் கட்டளை, அதுதான் கோட் ஓடர், வராமல் நீங்கள் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லையாம்.

"ஆனா பிள்ளை, அந்த ஓடரை நீர் எதிர்க்கிறதெண்டால் உம்மட பேரில சத்தியக்கடதாசி முடிச்சு, ஒரு பிரதி மற்றப் பக்கத்துக்கும் அனுப்பவேணும்."

"அப்ப ரீச்சருக்குப் பேர் தெரிஞ்சிடுமே, சேர்."

"ஓம். ஆனா சட்டப்படி தெரியும்."

ஆகவே எதிர்க்காமல் உங்களைக் கெஞ்சுகிறேன். இன்னொன்று: மன்றத்தில் சேர்ந்தபோது நீங்கள் மட்டும் பார்க்கும் 'உங்களைப் பற்றி' என்ற கட்டத்தைக் கண்டதும் தமிழர் நாங்கள் நிரப்பும் பொலிஸ் பதிவு என்றே கை பழக்கத்தில் எழுதிவிட்டது. முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர், இவரின் வேலைத்தலம், கொழும்பில் தங்கியிருக்கும் நோக்கம்: இங்கேதான் பிறந்தேன். தயவுசெய்து அழித்துவிடுங்கள். பெயர் கேட்காமல் கதைக்கவிடும் இடம் எனக்கு உங்கள் மன்றம் ஒன்றுதான். ஒருவர் மறைத்ததை இன்னொருவருக்குச் சொல்வது எந்தச் சட்டத்திலும் அநியாயம், அண்ணா.

மற்றும்படி சந்தோஷம். ரீச்சர் இப்போது ரீவியைத் துணியால் மூடிவைக்கிறா. றொஷான் பாட்டுப் படிக்கிறான். உங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மாதா உங்களைக் கைவிடமாட்டா.

அன்புடன்,
டோரின் ஹியூபேட்

பி.கு. இதை அனுப்பமுன் மன்றத்தை ஒருக்கால் பார்த்தேன். என் பதிவுக்குக் கீழே 'செவ்வந்தி' என்று ஒருத்தி, "அந்தப் பிள்ளை அதை ரீவியில் கேட்கேல்லை, தாய் அறைக்கதவைச் சாத்திப்போட்டுப் புருஷனிட்டச் சொன்னதைக் கேட்டது" என்று எழுதியிருக்கிறா. லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு எழுதவென்று மாமிக்குத் தமிழ் ரைப்பிங் பழக்கிவிட்டது நான்தான். செவ்வந்தி யாரென்று உடனே சொல்லுங்கோ, அண்ணா. கோட் ஓடர் எல்லாம் எதற்கு, நாங்கள் நாங்கள்தானே.